நாற்சந்தியில் நின்ற வீடு

லியோட்டா ஹேகன் பிறந்ததே தண்ணீரின் மேல்தான். அவளுடைய அப்பா ஒஹாயோ ஆற்றில் வலை போட்டுப் பிழைத்தவர். தட்டைப் படகு ஒன்றின் மேல் பலகை அடித்துக் கட்டிய இரண்டு அறைகள்தான் குடும்பத்துக்கு வீடு. கரையில் நிலம் வைத்திருக்கிறவன் வந்து முகம் சுளித்தால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அடுத்த வளைவுக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடத்தில் விலாசம் கேட்டபோது, "நேத்து இருந்ததா, இன்னைக்கு இருக்கறதா?" என்று கேட்டாளாம். திமிர் என்று நினைத்து அவளை மூலையில் நிற்க வைத்தார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு அடங்காது.

ஆம்ப்ரோஸ் ஹேகனைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் தெருவுக்கு வந்தபோது எனக்கும் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என் பெயர் நெட்டி. இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த வீடு. எங்கள் தெரு வீடுகளெல்லாம் ஒரே அச்சில் செய்தவை. அகலத்துக்கு ஓர் அறை, நீளத்துக்கு நான்கு. ரயில் பெட்டி போல ஒன்றன்பின் ஒன்று. முன்வாசலில் நின்று திட்டினால் கொல்லைப்புறத்தில் இருப்பவருக்கு நன்றாகக் கேட்கும். வந்த புதிதில் லியோட்டா கண்ணெல்லாம் சிவந்துபோய்த் திரிந்தாள். புருஷனோடு சண்டையோ என்று விசாரித்தேன்.

"அதெல்லாம் இல்ல நெட்டி. தூக்கமே வரல. இந்த வீடு கொஞ்சம்கூட ஆட மாட்டேங்குது. செத்துப்போன மாதிரி கெடக்கு" என்றாள்.

ஆம்ப்ரோஸுக்கு இழுவைப் படகில் வேலை. வாரக்கணக்கில் ஆற்றிலேயே இருப்பான். வந்தால் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்குவான். நல்ல மனுஷன். பேச்சுதான் குறைவு. இருவருக்கும் சேர்த்து லியோட்டாவே பேசிக்கொள்வாள்.

எங்கள் போர்ட்லண்ட் பேட்டை ஒரு காலத்தில் தனி ஊர். எங்களுக்குக் கொஞ்சம் மேலே ஆறு பாறைகளில் விழுந்து ஓடுகிறது. அதனால் கீழேயிருந்து வருகிற படகுகளெல்லாம் எங்கள் துறையில் நின்றே தீர வேண்டும். சரக்கை இறக்கி, வண்டியில் போட்டு, பாறைகளைத் தாண்டிப்போய் மறுபடி ஏற்ற வேண்டும். அந்தச் சுமையிலும் கூலியிலும் எழுந்த ஊர் இது. பிறகு பாறையைச் சுற்றிக் கால்வாய் வெட்டினார்கள். படகுகள் எங்களைப் பார்த்து ஊதிவிட்டு நிற்காமல் போயின. கடைசியில் லூயிவில் நகரம் எங்களை விழுங்கியது. இதெல்லாம் நாங்கள் யாரும் பிறப்பதற்கு முந்திய கதை. ஆனால் இன்றைக்கும் எங்கள் ஆட்களில் ஒருவனை எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். லூயிவில் என்று அவன் வாயில் வராது.

முப்பத்தேழாம் வருஷத்து வெள்ளத்தைப் பற்றி எங்கள் பேட்டையில் யாரிடம் வாயைக் கொடுத்தாலும் பொழுது போய்விடும். நான் லியோட்டாவின் பங்கை மட்டும் சொல்கிறேன். ஜனவரி மாதம், கடுங்குளிர், விடாத மழை. ஆறு முதலில் தெருக்கோடியில் வந்து நின்றது. பிறகு முற்றத்தில். பிறகு அடுப்படியில். ஆம்ப்ரோஸ் அப்போது வெகு தூரம் கீழே, படூக்கா பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். லியோட்டா தன் அப்பாவின் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு வந்து என்னையும் என் கைக்குழந்தையையும் ஜன்னல் வழியாக இறக்கினாள். மேட்டிலிருந்த தேவாலயப் பள்ளிக்கூடத்தின் மாடியில் குழந்தையை என் மாமியாரிடம் கொடுத்துவிட்டு நானும் அவளோடு திரும்பினேன். படகில் ஏறும் தண்ணீரை வாளியால் இறைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

தெருவிளக்குக் கம்பங்களுக்கு நடுவே, கடைப் பலகைகளை உரசிக்கொண்டு அவள் துடுப்புப் போட்டாள். நான் சொல்வதைத் தப்பாக நினைக்கக் கூடாது. நாங்களெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தோம். அவள் ஒருத்தி மட்டும் தன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் போல இருந்தாள்.

மூலையில் முடிவெட்டும் சலூன் வைத்திருந்த க்ளெமென்ட் யேகர் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தான். கல்யாணமாகாதவன். கடையின் முன்னால் நடைபாதை மேல் மரத்தூண்கள் வைத்து ஒரு தாழ்வாரம் இறக்கியிருந்தான். தண்ணீர் அந்தத் தாழ்வாரக் கூரை வரை வந்துவிட்டதால் அதுவே அவனுக்குப் படகுத்துறை ஆகியிருந்தது. கூரையை ஒட்டிப் படகை நிறுத்தி, என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பக்கத்து மாடியில் ஆள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க லியோட்டா ஜன்னலேறிப் போனாள். அந்த இடைவெளியில் க்ளெமென்ட், தண்ணீர் ஏறுவதற்கு முன்பே ஆள் வைத்து மாடிக்கு ஏற்றியிருந்த தன் சலூன் நாற்காலியைக் கூரையில் உருட்டி வந்து படகில் இறக்கிவிட்டான். இரும்பும் நிக்கலும் சிவப்புத் தோலுமாக, நாலு ஆள் கனம். அவன் அப்பா விட்டுப்போன நாற்காலி அது. நான் வேண்டாம் வேண்டாம் என்றேன். அவன் காதில் விழவில்லை. லியோட்டா திரும்பி வந்து பார்த்தபோது படகின் நடுவே ராஜா போல நாற்காலி, பக்கத்தில் மந்திரி போல க்ளெமென்ட். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு துடுப்பை எடுத்தாள்.

அடுத்த தெருவில் டோர்ஸி சகோதரிகள் ஒரு சமையலறைக் கூரையின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் மார்செல்லா இருமிக்கொண்டிருந்தாள். இளையவள் ஜோசி அவளைத் தன் பாவாடையால் போர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகின் விளிம்பு ஏற்கெனவே தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"க்ளெம், அத எறக்கு" என்றாள் லியோட்டா.

"எங்க எறக்கறது? தண்ணிலயா?"

"ஆமா."

"எங்கப்பாவோடது லியோட்டா."

அவள் இரண்டாம் தடவை சொல்லவில்லை. என்னை மறுபக்கம் சாயச் சொன்னாள். துடுப்பை நாற்காலிக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். பெரிய குமிழ் ஒன்று வந்தது. அவ்வளவுதான். நாற்காலி இருந்த இடத்தில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்தார்கள். க்ளெமென்ட் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தன் கோட்டைக் கழற்றி ஜோசியின் தோளில் போட்டான். அதையும் நான் பார்த்தேன்.

மார்செல்லா பிழைக்கவில்லை. நெஞ்சில் சளி கட்டி, தண்ணீர் வடிவதற்குள் போய்விட்டாள். லியோட்டாவின் அப்பா அம்மாவை அக்கரையில் யாரோ காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவர்களுடைய படகு வீடு மட்டும் எங்கே போயிற்று என்று தெரியவே இல்லை.

வெள்ளம் வடிந்த பிறகு சுவர்களிலெல்லாம் மஞ்சள் கோடு. வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. ஆண்கள் வேலைக்குப் போவதை விட்டுச் சேறு அள்ளினார்கள். யாருடைய அடுப்பும் எரியவில்லை. லியோட்டாதான் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பைத் தேடிப் பிடித்து முன்னறை ஜன்னலருகே வைத்து, ஆற்றில் பிடித்த கெளுத்தியைச் சோளமாவில் புரட்டிப் பொரித்தாள். கறுப்பு ரொட்டி இரண்டு துண்டு, நடுவில் மீன், மேலே வெங்காயம், ஒரு ஊறுகாய்த் துண்டு. முதல் வாரம் சும்மா கொடுத்தாள். வீடுகளெல்லாம் சுத்தமான பிறகும் வெள்ளிக்கிழமை வந்தால் ஜனங்கள் அந்த ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார்கள். வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாத கத்தோலிக்கப் பேட்டை எங்களுடையது. இப்படியே அது கடையாகிவிட்டது. பலகை எழுதி மாட்டவில்லை. ஆற்றோரத் தெரு ஜன்னல் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து க்ளெமென்ட் ஜோசியைக் கட்டிக்கொண்டான். தேவாலயத்தில் எல்லாரும் இருந்தோம். லியோட்டாவுக்கு மட்டும் அழைப்பு இல்லை. கல்யாணக் கேக்கில் பெரிய துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு, கல்யாண உடுப்போடு ஜோசியே நடந்து வந்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜோசி ஜன்னலுக்கு வந்து இரண்டு பொட்டலம் வாங்குவாள். இரண்டாவது யாருக்கு என்று லியோட்டா கேட்டதில்லை. ஜோசியும் சொன்னதில்லை. சலூனில் யாராவது லியோட்டா பெயரை எடுத்தால் க்ளெமென்ட் கத்தியைத் தோல்வாரில் சத்தமாகத் தீட்டுவான். பேச்சு நின்றுவிடும்.

நாற்பத்தைந்தில் மறுபடி வெள்ளம். அது ஜன்னல் வரைக்கும்தான். ஆனாலும் மறுபடி சேறு, மறுபடி மஞ்சள் கோடு. இனிமேல் தாங்காது, ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவே சுவர் வேண்டும் என்று பேட்டை முழுக்கக் கேட்டோம். லியோட்டாவும்தான் கேட்டாள். கூட்டத்தில் எழுந்து நின்று அவள் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. ஆற்றோடு எனக்குச் சண்டை இல்லை, அது தன் இடத்துக்கு வருகிறது, ஆனால் மார்செல்லா போன மாதிரி இன்னொருத்தர் போகக் கூடாது என்றாள்.

வருஷங்கள் கழித்துச் சுவர் வரப்போவது உறுதியானது. அளக்க வந்தவர்கள் சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துக்கொண்டே போனார்கள். முளைகள் எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால், அதாவது ஊர்ப்பக்கமாகப் போயின. எங்கள் தெரு முழுக்கச் சுவருக்கு வெளியே ஆற்றுப் பக்கத்தில் விழுந்துவிட்டது. வீட்டுக்கு ஈடு கொடுப்பார்கள், எல்லாரும் காலி செய்ய வேண்டும், பிறகு இடித்துவிடுவார்கள். வீடுதான் வேண்டும் என்கிறவர்கள் கெடுவுக்குள் பெயர்த்துக்கொண்டு போகலாம் என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். லியோட்டா மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் ஆம்ப்ரோஸ் வீட்டில் இருந்தான். தெற்கே புதிதாகக் கட்டுகிற வீடுகளைப் பார்க்கப் போகலாம் என்றான். தோட்டமெல்லாம் இருக்கிறதாம், வெள்ளம் எட்டாதாம். நானும் அவர்கள் அடுப்படியில்தான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"நான் வரல. வீட்டக் கொண்டுபோலாம்" என்றாள் லியோட்டா.

"வீட்ட எப்படி கொண்டுபோறது?"

"எங்கப்பா எத்தன தடவ கொண்டுபோயிருக்காரு தெரியுமா? யாரோ ஒருத்தன் போன்னு சொன்னா, போவோம். ஆனா வீட்ட விட்டுட்டுப் போனதில்ல. வீட்டோட போவோம்."

"அது படகு லியோட்டா. அடியில தண்ணி இருந்துச்சு."

"இதுக்கு அடியில சக்கரம் வச்சுக்கலாம்."

ஆம்ப்ரோஸ் என்னைப் பார்த்தான். நான் காப்பிக் கோப்பையைப் பார்த்தேன். அவன் மேஜையைத் தடவிக்கொண்டே, சரி, யாரையாவது விசாரிக்கிறேன் என்றான். அவனிடமிருந்து வந்த மிக நீளமான சம்மதம் அதுதான்.

என் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அடிக்கட்டை முழுக்க உளுத்திருந்தது. தூக்கினால் உதிர்ந்துவிடும். நானும் என் வீட்டுக்காரரும் ஈட்டை வாங்கிக்கொண்டு போர்ட்லண்ட் அவென்யூவில் ஒரு மாடிக்குப் போனோம். எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் பேட்டையை விட்டுப் போகவில்லை என்பதே பெரிய ஆறுதல்.

வீடு பெயர்க்கிற ஹோபர்ட் ஸ்டைல்ஸ் வந்தார். வாயில் எப்போதும் ஒரு தீக்குச்சி. அடியில் படுத்து ஒவ்வொரு கட்டையையும் கத்தியால் குத்திப் பார்த்தார். இரண்டு வெள்ளத்தில் ஊறியும் லியோட்டா வீட்டின் ஓக் கட்டைகள் இரும்பு மாதிரி இருந்தன. புகைபோக்கியை மட்டும் இடித்துவிட வேண்டும், மற்றபடி எடுக்கலாம் என்றார். சுவருக்கு உட்புறம் பேங்க் தெருவில் பழைய குதிரை லாயம் இருந்த காலி மனையை அவர்கள் வாங்கினார்கள். அங்கே போகிற வழிகளையெல்லாம் ஹோபர்ட் கயிறு பிடித்துப் பார்த்தார். ஒரே ஒரு வழிதான் தேறியது. அதிலும் ஒரு சிக்கல்.

"மிஸஸ் ஹேகன், நாற்சந்தியில திரும்பறப்ப வீட்டோட முன்பக்கம் அந்த சலூன் தாழ்வாரத்துல இடிக்கும். ஒண்ணு தாழ்வாரம் இருக்கணும், இல்ல உங்க வீடு இருக்கணும்" என்றார்.

ஊரில் எத்தனையோ மூலை இருக்க, க்ளெமென்டின் தாழ்வாரமா என்று நினைத்தேன். ஜோசியை விட்டுக் கேட்கச் சொல்லலாம் என்றேன். அது குறுக்கு வழி என்றாள் லியோட்டா. என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள் இருக்கிற நேரமாகப் பார்த்து, சலூனுக்குள் நுழைந்தாள். பெண்கள் நுழையாத இடம். பத்திரிகைகள் தாழ்ந்தன. நாற்காலியில் அப்போதுதான் ஒருவர் எழுந்திருந்தார். லியோட்டா நேராகப் போய் அதில் உட்கார்ந்தாள்.

க்ளெமென்ட் கையில் துண்டோடு அப்படியே நின்றான். பதினெட்டு வருஷம் கழித்து அவளிடம் முதல் வார்த்தை பேசினான்.

"என்ன வேணும்?"

அவள் வளைத்துப் பேசவில்லை. வீட்டைப் பெயர்க்கப்போவதையும் தாழ்வாரம் இடிப்பதையும் சொன்னாள். பிரித்துக் கொடுத்தால் திரும்பக் கட்டித் தருவதாகவும் சொன்னாள்.

"மொதல்ல மன்னிப்பு கேளு. எல்லார் முன்னாடியும் கேளு" என்றான் க்ளெமென்ட்.

"தள்ளினதுக்கு கேக்க மாட்டேன் க்ளெம். நாளைக்கே அதே மாதிரி ஆச்சுன்னா நாளைக்கும் தள்ளுவேன்." கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு. அது உங்கப்பா நாற்காலின்னு எனக்குத் தெரியும். எங்கப்பா வீடும் அந்தத் தண்ணிலதான் போச்சு. ரெண்டு நாள் அழுதேன். நீயும் அழுதிருப்ப. அப்பவே வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். வறட்டு கௌரவம், வரல. அதுக்கு வேணா மன்னிச்சுக்கோ."

பின்கட்டுக் கதவருகே ஜோசி துடைப்பத்தோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"பதினாறு வருஷமா அந்த நாற்காலியப் பத்தியே கேட்டுட்டு இருக்கேன்" என்றாள் ஜோசி. "அது இருந்த எடத்துலதான் நான் உக்காந்தேன். உனக்கு எது வேணும்னு இப்பவாவது சொல்லிடு க்ளெம். நாற்காலியா, நானா?"

காத்திருந்தவர்களில் ஒருவர் இருமலாக மாற்றப் பார்த்தும் சிரிப்பாகவே வந்துவிட்டது. க்ளெமென்டின் கழுத்து சிவந்தது. துண்டை உதறினான்.

"அடுத்தவங்க வரலாம்" என்றான்.

அவ்வளவுதான் பதில். நாங்கள் வெளியே வந்தோம். சம்மதமா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. லியோட்டாவுக்கும் புரியவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி அவன் பாடு என்றாள்.

அடுத்த வாரம் முழுக்க ஹோபர்ட்டின் ஆட்கள் வீட்டுக்கு அடியில் ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார்கள். நீளமான இரும்பு உத்தரங்களைக் கொடுத்து, கீழே லாரிச் சக்கரங்களைப் பொருத்தினார்கள். தாழ்வாரம் மட்டும் அப்படியே நின்றது. புறப்படுகிற வெள்ளிக்கிழமை காலையில்கூட க்ளெமென்ட் வழக்கம்போலக் கடையைத் திறந்து, தாழ்வாரத்தைக் கூட்டிவிட்டு உள்ளே போனான். ஹோபர்ட் தீக்குச்சியைத் துப்பிவிட்டு, நாற்சந்தி வரைக்கும் போவோம், அங்கே போய் என்ன ஆகிறதென்று பார்ப்போம் என்றார்.

ஒரு வீடு தெருவில் நகர்ந்து வருவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மனிதன் நடப்பதைவிட மெதுவாக, முனகிக்கொண்டு வந்தது. ஜன்னல் திரைகள்கூட எடுக்கவில்லை; காற்றில் ஆடின. மின்கம்பிகளை ஆட்கள் நீளக் கம்புகளால் தூக்கிப் பிடித்தார்கள். நெடுக ஜனம். பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீகள் பிள்ளைகளை வரிசையாக வெளியே விட்டுவிட்டார்கள். முன்னறையில் ஆம்ப்ரோஸும் லியோட்டாவும் நின்றுகொண்டு வந்தார்கள். கூடாது என்று ஹோபர்ட் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருந்தார். நானும் ஓரமாக நடந்தேன். ஒரு குழியில் சக்கரம் இறங்கி வீடு லேசாக ஆடியது. லியோட்டா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னைத் தேடினாள்.

"ஆடுது நெட்டி" என்றாள். கண்ணில் தண்ணீர்.

நாற்சந்தியில் லாரி நின்றது. வீட்டின் முன்பக்கத்துக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. ஹோபர்ட் போய்ச் சலூன் கதவைத் தட்டினார். உள்ளே ஒருவர் முகத்தில் பாதி சோப்பு இருப்பதாகவும், முடித்துவிட்டுத்தான் வர முடியும் என்றும் க்ளெமென்ட் சொன்னான். தெரு முழுக்கக் காத்திருந்தது. அவன் அவசரப்படவில்லை. முகத்துக்கு வெந்நீர்த் துணிகூடப் போட்டான் என்று உள்ளே இருந்தவர் பிறகு சொன்னார்.

பிறகு வெளியே வந்தான். வெள்ளை அங்கியைக் கழற்றி மடித்து ஜோசியிடம் கொடுத்தான். கதவுக்குப் பின்னால் தயாராக வைத்திருந்த ரம்பத்தை எடுத்தான். ஹோபர்ட்டின் ஆட்கள் உதவிக்கு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினான்.

"என் தாழ்வாரம். நான்தான் அறுப்பேன்" என்றான்.

சலூன்காரனின் கை மென்மையான கை. முதல் தூணுக்குள்ளேயே கொப்புளம் வந்துவிட்டது. ஆம்ப்ரோஸ் வீட்டிலிருந்து குதித்து இறங்கி ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தான். க்ளெமென்ட் அவனைப் பார்த்தான், விலக்கவில்லை. இருவரும் மாறி மாறி இழுத்தார்கள். தூண்கள் விழுந்தாலும் கூரை ஒரு பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. ஆணி ஆணியாகப் பிடுங்க வேண்டியிருந்தது. மதியம் தாண்டிவிட்டது. ஜனம் கலையவும் இல்லை. வெள்ளிக்கிழமை வேறு.

லியோட்டா உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தாள். வீட்டோடு வருகிற மீனைப் பனிக்கட்டிப் பெட்டியில் அவள் முதல் நாளே வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்; ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்று சொல்லியிருந்தாள். அவ்வளவு மீன் எந்த வீட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கும் ஆகாது. நாற்சந்தியின் நடுவே, சக்கரத்தின் மேல் நின்ற வீட்டின் ஜன்னல் திறந்தது. வெங்காயம் நறுக்க என்னை உள்ளே தூக்கிவிட்டார்கள். ஜன்னல் உயரத்தில் இருந்ததால் வாங்குகிறவர்கள் எம்பிக் கை நீட்ட வேண்டியிருந்தது. லாரிக்காரர், மின்கம்பி ஆட்கள், கன்னியாஸ்திரீகள், போக்குவரத்தை நிறுத்த வந்த போலீஸ்காரர் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

வரிசையில் க்ளெமென்டும் வந்தான். சட்டையெல்லாம் மரத்தூள். ஜோசியை அனுப்பவில்லை, அவனே வந்தான். லியோட்டா பொட்டலத்தை இறக்கிக் கொடுத்தாள். அங்கேயே பிரித்து, நின்றபடி ஒரு வாய் கடித்தான். எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றான்.

"பதினாறு வருஷமா தின்னுட்டு இன்னைக்குத்தான் தெரியுதா?" என்றாள் லியோட்டா.

முதலில் சிரித்தது க்ளெமென்ட்தான். வாயில் மீனோடு சிரித்துப் புரையேறி, ஜோசி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. வெளிச்சம் இருக்கும்போதே கூரையின் கடைசிப் பலகையும் இறங்கியது. வீடு திரும்பியது. பேங்க் தெருவில் கல் தூண்களின் மேல் அது உட்கார்ந்தபோது மேஜையில் இருந்த ஊறுகாய்ப் புட்டிகூடக் கவிழவில்லை. லியோட்டா கொடுத்த வாக்குப்படி ஆம்ப்ரோஸ் தாழ்வாரத்தைத் திரும்பக் கட்டிக் கொடுத்தான். தெருப்பக்கம் கொஞ்சம் குறைத்துத்தான் கட்ட வேண்டும் என்று க்ளெமென்டே சொல்லிவிட்டான். அடுத்த வீடு வந்தாலும் வரும் என்றான். அவன் சொன்னபடியே இன்னும் இரண்டு குடும்பங்கள் அந்த வருஷம் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு அந்த மூலையில் திரும்பின.

மற்றபடி எங்கள் தெரு போனது போனதுதான். இடிக்கிற அன்று நான் பார்க்கப் போகவில்லை. சுவர் எழுந்தது. பிறந்ததிலிருந்து தெருக்கோடியில் பார்த்த ஆறு மறைந்து சாம்பல் நிறம் மட்டும் தெரிந்தது. அதைப் பழகிக்கொள்ள எங்களுக்கு வருஷங்கள் ஆயின. லியோட்டா ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் சுவரின் வாசல் வழியாக அந்தப் பக்கம் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருவாள். சில சமயம் நானும் போவேன். எங்கள் வீடுகள் இருந்த இடத்தில் புல்லும் வில்லோ மரங்களும் முளைத்திருந்தன. என் கொல்லையில் இருந்த லில்லிச் செடி மட்டும் இன்னும் பூத்துக்கொண்டிருந்தது. கிழங்கைத் தோண்டி ஆளுக்குப் பாதியாக எடுத்துவந்தோம்.

ஆனால் சுவர் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. அது தெரிந்தது அறுபத்துநான்கு மார்ச்சில். தவக்காலம். பல நாள் மழைக்குப் பிறகு ஆறு ஏறத் தொடங்கியது. சுவரின் வாசல்களையெல்லாம் அடைத்தார்கள். பேட்டையில் பழைய பயம் கிளம்பிவிட்டது. சிலர் கார்களில் மூட்டை முடிச்சோடு சொந்தக்காரர் வீடுகளுக்குக் கிளம்பினார்கள். அன்றைக்கு ஆம்ப்ரோஸும் கரையில் இருந்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான். கடையில் இருந்த சோளமாவு மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பரணில் ஏற்றினான். லியோட்டா தடுக்கவில்லை. அவளுக்கும் முகம் வெளுத்திருந்தது. முப்பத்தேழில் துடுப்புப் போட்டவளுக்கு அப்போது முப்பது வயது; இப்போது அவளுக்கு வயதாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் சுவரைப் பார்க்கப் போனோம். அந்தப் பக்கம் ஆறு எங்கள் தலைக்கு மேல் உயரத்தில் நிற்கிறது என்று காவலுக்கு நின்றவர் சொன்னார். அவள் கையுறையைக் கழற்றிச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். நானும் வைத்தேன். சில்லென்று இருந்தது. ஈரம் இல்லை. மழை பெய்து ஓய்ந்த தெருவில் ஒரு பால் வண்டி போய்க்கொண்டிருந்தது. யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

"காஞ்சுதான் இருக்கு" என்றாள். கையை எடுத்துக் கையுறையை மாட்டினாள். பிறகு, "வா, மணியாச்சு. ஆளுங்க வந்துடுவாங்க" என்றாள்.

யார் வருவார்கள் இன்றைக்கு என்று நான் நினைத்தேன். நாங்கள் திரும்பியபோது பேங்க் தெரு ஜன்னலுக்கு முன்னால் வரிசை மூலை வரைக்கும் நின்றது. க்ளெமென்டும் ஜோசியும் நின்றார்கள். காலையில் மூட்டை கட்டிப் போனவர்களில் சிலர், பாதி வழியில் திரும்பி வந்தவர்கள், காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு நின்றார்கள். பெயர் தெரியாத வேற்றுத் தெரு ஆட்களும் சுவரை வேடிக்கை பார்க்க வந்து பசியோடு நின்றார்கள். லியோட்டா வாசலில் நின்று அவர்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளே போய், முன்கட்டிலிருந்து பின்கட்டு வரைக்கும் கேட்கிற குரலில் புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஆம்ப்ரோஸ், மாவ எறக்கு. எல்லாத்தையும் எறக்கு."